முள்ளில்லாத தங்க வாட்ச்

"மாப்பிள்ளைக்கு ஒரு தங்க வாட்ச் போட்டுடுங்க, அது போதும்" என்று சொன்னவர் என் மாமனார்தான். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, உம்மா வைத்த வட்டலப்பத்தைக் கிண்ணத்தின் அடிவரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மீசையைத் துடைத்தபடி சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்று என் காதால் கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது. பிற்பாடு சிதம்பரத்தில் மாமனார் வீட்டில், தங்க வாட்ச் கேட்டதே தாங்கள்தான் என்பது ஒருவருக்கும் நினைவில்லாமல் போன ஒரு நாள் வந்தது.

வாப்பா அப்போது சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு வரும்போது அங்கே ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு பிரெஞ்சுக்காரனிடமிருந்து அந்த வாட்சை வாங்கி வந்தார். சதுரமாக, விரலளவு தடிமனில், பார்த்தால் சின்னத் தங்கப் பெட்டி மாதிரி இருக்கும். மற்ற வாட்சுகளில் முகம் இருக்கும் இடத்தில் இதற்குத் தங்கத் தகடு. தகட்டில் மேலே ஒரு ஜன்னல், கீழே ஒரு ஜன்னல். மேல் ஜன்னலில் மணி, கீழ் ஜன்னலில் நிமிஷம். உள்ளே எண் எழுதிய இரண்டு வட்டங்கள் சுற்றிக்கொண்டிருக்கும், வேண்டிய எண் மட்டும் ஜன்னலுக்கு வரும். முள் என்பதே கிடையாது. நிமிஷம் நகர்ந்து நகர்ந்து போகும். மணி மட்டும் நகராது. அறுபதாவது நிமிஷம் முடிந்ததும் எட்டு இருந்த இடத்தில் டக்கென்று ஒன்பது வந்து நிற்கும், தவளை தாவுகிற மாதிரி.

நான் பயந்த சுபாவம். வயதுக்கு வந்ததும் ஆறாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் நான் கற்றதெல்லாம் பயந்து பயந்து கற்றதுதான். பயப்படுகிறவள் எதையும் உற்றுப் பார்க்காமல் விடமாட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அந்த வாட்ச் நின்றுபோய்விடுமோ என்ற கவலையிலேயே தினமும் அதை எடுத்துப் பார்த்தேன். அதனால் அது தாவுவதைப் பல முறை கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான்.

நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டினார்கள். மாமனார் அவர் கையைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலவீதியில் குடையும் செருப்பும் விற்கிறவர் அவர். எதை எடுத்தாலும் அடிப்புறத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

"முள்ளு எங்க சம்பந்தி?" என்றார்.

"முள்ளு கிடையாதுங்க. நம்பர்தான் வரும்" என்றார் வாப்பா.

"சைகோன்லேர்ந்து வர்ற வழியில கடல்ல விழுந்துடுச்சோன்னு பார்த்தேன்."

பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். சம்பந்தி வீட்டாரின் நகைச்சுவைக்குச் சிரிப்பதும் சீரில் ஒன்று.

சிதம்பரத்தில் அந்த வாட்ச் என் பெயரைச் சொல்லாமல் என்னைத் திட்டுவதற்கு வசதியான பொருளாகிப்போனது. சாப்பாடு தாமதமானால், "அவ என்ன செய்வா பாவம், அவுங்க வீட்டு வாட்ச்சுல முள்ளு இல்லியே" என்பார் மாமி; மாமியாரை மாமி என்றும் மாமனாரை மாமா என்றும்தான் சொல்வேன். தெருவில் யாராவது மணி கேட்டால் என் மச்சான், அதாவது என் வீட்டுக்காரர், வானத்தைப் பார்த்து உத்தேசமாகச் சொல்வாரே தவிரக் கையைத் திருப்பமாட்டார். சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொள்வார். நல்ல மனுஷர், பேச்சிலும் கெடுதல் கிடையாது. ஆனால் அவருடைய அத்தா, என் மாமனார், இருமினால்கூட எழுந்து நின்றுவிடுவார். அப்படிப்பட்டவர் கையில் எந்த வாட்ச் ஓடி என்ன ஆகப்போகிறது.

ஒரு வருஷம் போல ஓடியது வாட்ச். பிறகு கிள்ளையில் மாமியின் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது.

கல்யாணத்துக்குப் போகிற வீட்டில் நகையைப் பூந்திக்கொட்டை போட்டுக் கழுவுவது வழக்கம். மாமி முதல் நாளே பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரை வரக் கசக்கி, ஒரு குண்டானில் தன் சங்கிலி, என் சங்கிலி, வளையல், காதில் போடும் அலுக்கத்து எல்லாவற்றையும் போட்டார். நான் அடுப்படியில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நுரைக்கு மேலே ஒரு தோல் வார் எட்டிப் பார்க்கிறது.

"மாமி, அது வாட்ச்சு" என்றேன்.

"தெரியுது. தங்கம்னுதான சொன்னீங்க. தங்கத்தக் கழுவுனா தங்கத்துக்கு என்ன?"

பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அந்த இரண்டு ஜன்னல்களையும் மாமி தேய்த்த தேய்ப்பு இன்றும் என் காதில் இருக்கிறது. வெயிலில் துணி விரித்து வளையலோடு வளையலாக அதையும் காயவைத்தார். தோல் வார் கருவாடு மாதிரி சுருண்டுகொண்டது. வாட்ச் பளபளவென்று இருந்தது, ஓடத்தான் இல்லை. மேல் ஜன்னலில் ஏழின் பாதியும் அதற்கடுத்த எண்ணின் இடத்தில் ஒரு கறுப்புத் தீற்றலும் நின்றன. எட்டு என்ற எண் பூந்திக்கொட்டைத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது.

மாமி தான் கழுவியதால் நின்றது என்று சொல்லவில்லை. "ஓடாத வாட்ச்சக் குடுத்திருக்காங்க" என்றார். நேற்று வரை ஓடியதே என்று நானும் கேட்கவில்லை, மச்சானும் கேட்கவில்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த சோற்றை வைத்து ஒரு சுவரே பூசியிருக்கலாம்.

ஓடாது என்று ஆனபிறகு, தங்கம்தானா என்ற அடுத்த சந்தேகம் பிறந்தது. மாமாவும் மாமியும் பத்தரிடம் கொண்டுபோனார்கள். தங்கக் கட்டுப்பாடு வந்து, பதினாலு காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று ஆகி, பத்தர்களெல்லாம் வேலையில்லாமல் துருத்தியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த சமயம் அது. கையில் ஒரு பொருள் வந்ததே போதும் என்று அவர் உரைகல்லில் ஓரத்தைத் தேய்த்து, திராவகம் விட்டுப் பார்த்திருக்கிறார். சவரன் தங்கத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் இந்தக் கோடு வெளுப்பாக இருக்கிறது, கால்வாசி வேறு உலோகம் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தக் கால்வாசி பத்தர் கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் அரைவாசி ஆகிவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டில் முழுப் பித்தளை ஆகிவிட்டது. மறுநாள் கிள்ளைக் கல்யாண வீட்டில், "சம்பந்தி நமக்குப் பித்தளைக் குண்டான் ஒண்ணு கட்டிவிட்டாரு" என்று மாமா சொன்னதைக் கேட்டு, என்னைத் தெரியாத பெண்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இதெல்லாம் வெறும் ஏச்சு, கேட்டுக்கொண்டு போய்விடலாம். ஆனால் அப்போது நான் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தேன். எங்களில் முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான். ஏழு மாதம் ஆனதும் உம்மா வந்து அழைத்துப் போவார் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு பிறந்தது. உம்மாவிடமிருந்து ஆள் வந்தது. மாமா கடையிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்து, நான் கேட்கும்படி, வந்த ஆளிடம் சொன்னார்:

"அவுங்க வாப்பாவ ஒரு தங்க வாட்ச் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. தங்கமா இருக்கணும், ஓடணும். அன்னிக்கே புள்ளைய அனுப்பி வைக்கிறேன். அதுவரைக்கும் இங்கியே இருக்கட்டும், எங்க வீட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்க பிரசவம் பார்க்க."

வாப்பா அதற்குள் சைகோன் கடையை மூடிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அங்கே சண்டை முற்றிவிட்டது. இன்னொரு தங்க வாட்ச் வாங்கும் நிலையில் அவர் இல்லை என்பது மாமாவுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. எதை நினைத்தாலும் பயம். குழந்தை தலை திரும்பாமல் இருந்தால், மழையில் வண்டி கிடைக்காவிட்டால், மருத்துவச்சி கிள்ளைக்குப் போயிருந்தால். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பயம் இருந்தது. மாமிதான் கூட இருந்து எல்லாம் செய்வார். ஓடுகிற வாட்சையே பூந்திக்கொட்டையில் ஊறப்போட்டு பிரஷ்ஷால் தேய்த்தவர், பிறந்த பிள்ளையை என்ன செய்வாரோ. இதை யாரிடமும் சொல்ல முடியாது. உம்மா இருந்தால் சொல்லியிருப்பேன். உம்மாவிடம் போகத்தான் விடவில்லையே.

மச்சானிடம் அழுதேன். அவர் தன்னால் முடிந்த வீரத்தைச் செய்தார். யாருக்கும் தெரியாமல் வாட்சைத் தேரடிப் பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"முள்ளு விழுந்துடுச்சாம். நடுவுல ஒரு ஓட்டை போட்டு, வேற வாட்ச்சு முள்ளப் பொருத்தித் தர்றேன்னாரு. வெள்ளிக்கிழமை வரச் சொன்னாரு."

"தகட்டுலயா ஓட்டை?"

"ஆமா. முள்ளு ஓடுறதுக்கு வேணுமில்ல."

"நீங்க ஒரு வருஷம் கையில கட்டியிருந்தீங்க மச்சான். முள்ளு இருந்துச்சா அதுல?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "இல்லதான்" என்றார்.

"அப்ப எது விழுந்துச்சு?"

ஓட்டை போடுவதற்குள் ஓடிப்போய் வாங்கிவந்தார். அது ஒன்றுக்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. தங்கத் தகட்டின் நடுவில் ஆணியால் அடித்த ஒரு சின்னப் புள்ளி மட்டும் விழுந்திருந்தது. அந்தக் கடைக்காரர் வேலை தெரிந்தவராம், மூன்று தலைமுறையாம். மூன்று தலைமுறையும் சேர்ந்து ஒரு நாளாவது அதன் மூடியைத் திறந்து பார்த்திருக்கலாம்.

கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அன்றே திரும்பிவிடுவோம் என்று சொல்லி, மச்சானும் நானும் ரயிலேறினோம். காட்டவும் காட்டினோம், அது பொய்யில்லை. பிறகு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் போனோம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கடையில் வேலை பார்த்தவர் என்று வாப்பா எப்போதோ சொல்லியிருந்தார். அதைத் தெரிந்துகொள்ள வாப்பா தேவையில்லை. நாங்கள் உட்காருவதற்குள் அவரே பல தடவை சொல்லிவிட்டார். தற்பெருமை என்றால் அப்படி ஒரு தற்பெருமை. ஊரிலுள்ள மற்ற ரிப்பேர்க்காரர்கள் எல்லாரும் ஆட்டுக்கல் கொத்தப் போகவேண்டியவர்கள் என்றார். தேரடிக்காரரை நினைத்துக்கொண்டு நான் மறுக்கவில்லை.

கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார்.

"இத யாரு குளிப்பாட்டுனது?" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"உள்ளார நுரை காஞ்சு போயி உப்பளம் மாதிரி கெடக்குது. வாட்ச்சுக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுற ஊரு நம்ம ஊருதான். சாம்பிராணி போட்டீங்களா?"

"இது என்ன வாட்ச்சுங்க?" என்று மச்சான் கேட்டார்.

"தாவுற மணி. சுவிஸ்காரன் செஞ்சது. இந்த மாதிரி ஒண்ணுதான் பாண்டிச்சேரியில பார்த்தேன், ஒரு துரை வச்சிருந்தாரு. என் கையில குடுக்கமாட்டேனுட்டாரு, தூரத்துலேர்ந்து காட்டுனாரு." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் பெருமை கொஞ்சம் இறங்கியது. மூடியின் உட்புறத்தை மச்சானிடம் நீட்டினார். "படிக்கத் தெரியுமில்ல? என்ன போட்டிருக்கு?"

தம்மாத்துண்டு முத்திரை. ஒரு பெண்ணின் தலை, பக்கவாட்டில். அதன் பக்கத்தில் பதினெட்டு என்ற எண்.

"பதினெட்டு காரட்டு. இந்தத் தலை அவுங்க சர்க்கார் முத்திரை. சும்மா குத்தமாட்டாங்க. வெள்ளைக்காரன் வாட்ச்செல்லாம் பதினெட்டுலதான் செய்வான், நம்ம சவரன் மாதிரி இருவத்திரெண்டுல செஞ்சா வளைஞ்சுக்கும்."

கால்வாசி வேறு உலோகம் என்று பத்தர் சொன்னது நினைவுக்கு வந்தது. இருபத்து நான்கில் பதினெட்டு போனால் மீதி கால்வாசி. அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களின் காதில்தான் பித்தளை.

ரிப்பேர்க்காரர் வாட்சைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். அப்படியே உம்மா வீட்டில் தங்கிவிட எனக்கு ஆசைதான்; அத்தாவிடம் சொன்ன சொல் என்று மச்சான் சிதம்பரத்துக்கே திரும்பக் கூட்டிவந்துவிட்டார். அந்த நாட்களில் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடை எரிந்துவிட்டால், அவர் மாற்றிக் கொடுத்துவிட்டால், அந்தப் பெருமையிலேயே மாரடைத்துவிட்டால். மாமாவோ பீரோவில் வாட்ச் இல்லாததைக்கூடக் கவனிக்கவில்லை. பித்தளையை யார் எண்ணிப் பார்க்கப்போகிறார்கள்.

மச்சான் போய் வாங்கிவந்தார். ரிப்பேர்க்காரர் துருவையெல்லாம் பெட்ரோலில் கழுவி, தாவ வைக்கும் சின்ன ஸ்பிரிங் தெறித்துப் போயிருந்ததால் வேறொன்றை அராவிப் பொருத்தி, புது வார் போட்டிருந்தார். ஆணிப் புள்ளியைத் தேய்த்தால் தகடு மெலிந்துவிடும் என்று விட்டுவிட்டார். அழிந்துபோன எட்டை அவரே மயிரிழைத் தூரிகையால் எழுதியிருந்தார். அந்தப் பெருமைக்காரர் எழுதிய எட்டு ஒரு பக்கம் சாய்ந்து, மூட்டை தூக்கினவன் நிற்கிற மாதிரி நின்றது. மற்றப் பதினொன்றும் சுவிஸ்காரன் எழுத்து, இது மட்டும் திருப்பாதிரிப்புலியூர் எழுத்து. ஆனால் தாவியது. அடுக்களையில் அரிசி களைந்துகொண்டே பார்த்தேன். ஏழு போய் அந்தக் கோணல் எட்டு டக்கென்று வந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு மாமா வந்தபோது மச்சான் வாட்சை அவர் முன்னால் வைத்தார். மூடியைத் திறந்து முத்திரையைக் காட்டினார்.

மாமா முத்திரையிலிருந்த தலையைப் பார்த்தார், பதினெட்டைப் பார்த்தார். "பதினெட்டுதான் போட்டிருக்கு. இருவத்திரெண்டா இது? அப்ப எப்படித் தங்கம்?"

நான் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். அந்த வீட்டில் மாமாவிடம் நான் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"சர்க்காரு பதினாலு காரட்டுலதான் நகை செய்யணும்னு சொல்லுது மாமா. பதினாலு தங்கம்னா பதினெட்டு என்ன?"

வயதான மனுஷர், தினமும் கடையில் பேப்பர் படிக்கிறவர். அந்தச் சட்டம் அவருக்கும் தெரியும். வாட்சை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். கனம் அப்போதுதான் தெரிந்தது போலிருக்கிறது. முகம் மெதுவாக மாறியது. மாமியும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"தங்கம்தான்" என்றார் மாமா.

நான் மூச்சு விட்டேன். சீக்கிரம் விட்டுவிட்டேன்.

"தங்கம்னா இவன் கட்டக் கூடாது" என்று தொடர்ந்தார். "ஆம்பளைக்குத் தங்கம் ஹராம். பீரோவுல வச்சுப் பூட்டு. சம்பந்தி வேற வாட்ச்சா, சும்மா எவர்சில்வர்ல எடுத்துட்டு வரட்டும். அப்புறம் அனுப்பலாம்."

மார்க்கச் சட்டம் சரிதான். அது எனக்குத் தெரியும், ஓதப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வட்டலப்பம் சாப்பிட்ட அன்றைக்கும் அது அதே சட்டம்தான். வாட்ச் பித்தளையாக இருந்த வரைக்கும் ஒருத்தருக்கும் ஞாபகம் வராத மார்க்கம், அது தங்கமானதும் பீரோச் சாவியோடு சேர்ந்து வந்துவிட்டது. மாமி கையை நீட்டினார். அவர் கையில் போனால் திரும்ப வராது என்று எனக்குத் தெரியும். வந்தாலும் குளித்துவிட்டுத்தான் வரும்.

வெளியே வந்தேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மாமிக்கு முன்னால் வாட்சை எடுத்துக்கொண்டேன்.

"ஆம்பளைக்கு ஆகாதுன்னா பொம்பளைக்கு ஆகும்தான மாமி" என்று சொல்லி என் கையில் கட்டிக்கொண்டேன். வார் பெரிதாக இருந்தது, கடைசி ஓட்டையில் மாட்டியும் தொளதொளவென்று ஆடியது. "தங்கமா இருக்கணும், ஓடணும்னு மாமா சொன்னாங்க. தங்கம்னு அவுங்களே இப்ப சொன்னாங்க. ஓடுது, பாருங்க."

மாமா மகனைப் பார்த்தார். மகன் வழக்கம்போல எழுந்து நின்றார். எழுந்து நின்றபடியே, "நாளைக்குக் காலைல பாசஞ்சர்ல கொண்டுபோயி விட்டுட்டு வந்துடுறேன் அத்தா" என்றார்.

மாமா வேண்டாம் என்று சொல்வதற்கு அவரே முன்பு சொன்ன வார்த்தைகள் வழியில்லாமல் செய்துவிட்டன. "சோத்தப் போடு" என்றார் மாமியிடம்.

மறுநாள் வண்டி கிள்ளையைத் தாண்டும்வரை யாராவது சைக்கிளில் துரத்தி வருகிறார்களா என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போனேன். மச்சான் முதல் நாளே தந்தி கொடுத்திருந்ததால் முதுநகர் ஸ்டேஷனில் வாப்பா நின்றுகொண்டிருந்தார். போர்த்தியிருந்த துப்பட்டிக்குள்ளிருந்து கையை எடுத்துக் காட்டினேன்.

"மாப்பிள்ளைக்குப் போட்டது உன் கையில எப்படி?" என்றார்.

"தங்கமாம் வாப்பா. அவுங்களுக்கு ஆகாதாம்."

வாப்பா மச்சானைப் பார்த்தார். மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வாப்பா என் கையைப் பிடித்து மேல் ஜன்னலைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இந்த எட்டு ஏன் இப்படிக் கோணிக்கிட்டு நிக்குது?"

"சிதம்பரத்துல ஒரு வருஷம் இருந்துச்சுல்ல வாப்பா" என்றேன்.